கோணாமலையின் கொண்டிஸ் மீசை

கோணாமலை தன்னை மாட்டு டொக்டர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் அப்படிக் கூப்பிடும்போது மறுத்ததும் இல்லை. உண்மையில் அவர் அரசாங்க மிருக வைத்தியருக்குப் பெட்டி தூக்கியவர். சண்டை தொடங்கி, வைத்தியர் வாவியின் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபின் பெட்டியும் பட்டமும் இவரிடமே தங்கிவிட்டன. பெட்டிக்குள் கடைசியாக மிஞ்சியது ஒரு போத்தல் கொண்டிஸ்.

கறுத்த ஊதா நிறத்தில் ஊசி ஊசியாக மினுங்கும் உப்பு அது. எள்ளளவு போட்டால் ஒரு வாளித் தண்ணீர் தாமரைப் பூ நிறமாகிவிடும். கால் வாய் நோய் கண்ட மாட்டின் குளம்பை அதில் கழுவலாம், மடியைத் துடைக்கலாம். வெள்ளம் வடிந்த கிணற்றுக்கும் கோணாமலை அதையே போடுவார்.

"கூடப் போட்டா தோலப் பொசுக்கிரும். கிளிசரின் பக்கத்தில வெச்சிராதீங்க, தானாப் பத்தும். கையில பட்டா மண்ணிறமாக் கறுத்துரும், சவுக்காரம் போட்டாலும் போகா" என்று பட்டி பட்டியாகப் போய்ப் புத்தி சொல்வார். சொன்ன புத்தியில் கொஞ்சத்தைத் தனக்கும் மிச்சம் பிடித்திருக்கலாம்.

ஐம்பது வயதில் அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணுக்கு ஊர் கல்லடி, பெயர் அன்னப்பூரணி. வாவியைக் கடந்து வந்து படுவான்கரையில் படிப்பிக்கும் டீச்சர். கலியாணம் பேசியவர் மாப்பிள்ளைக்கு நாற்பது என்று அவிழ்த்து விட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெண்பார்க்க வரச்சொல்லி ஆள் வந்ததும் கோணாமலை கண்ணாடியைப் பார்த்தார். தலையில் மறைப்பதற்கு அதிகம் இல்லை. மீசைதான் பஞ்சாக வெளுத்திருந்தது. நரைக்கு மை வாங்கலாமென்றால், பொருளாதாரத் தடையில் இக்கரைக்குச் சவர்க்காரம் வந்து சேர்வதே பெரிய காரியம். அப்போதுதான் அவருடைய மூளை வேலை செய்தது. விரலைக் கறுப்பாக்குகிற உப்பு மீசையைக் கறுப்பாக்காதா?

ஒரு கரண்டி கொண்டிஸைச் சிரட்டையில் கரைத்துப் பூசினார். எரிந்தது. மாடாக இருந்தால் உதைத்திருக்கும். கோணாமலை பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் பூசினார். மீசை துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்தது. மேலுதடும் மூக்கு நுனியும் விரல்களும் அதே நிறம். தேசிக்காய்ப்புளி தேய்த்தால் கறை விடும் என்று அவருக்குத் தெரியும். மீசையும் வெளுத்துவிடுமே என்று தேய்க்காமல் விட்டார்.

அந்தக் கோலத்தில், பாதை என்று சனம் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தார். அக்கரையான எழுவான்கரைத் துறையடியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான். படத்தில் கறுத்த மீசை வைத்த இளந்தாரி. முகத்தைப் பார்த்தான். பிறகு விரல்களைப் பார்த்தான். வெடிமருந்து கலக்குகிற கை என்று முடிவெடுக்க அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கோணாமலையை வரிசையிலிருந்து இழுத்து முழங்காலில் இருத்தினார்கள். பக்கத்தில் ட்ரக் நின்றது. அதில் ஏற்றப்பட்டுத் திரும்பி வந்த ஒருவரையும் அவருக்குத் தெரியாது. தெரிந்த நாலு சிங்களச் சொல்லும் பயத்தில் மறந்துபோயின.

"சிங்களம் தெரிஞ்ச ஆரும் இருக்கிறீங்களா?" என்று கத்தினார்.

அதே பாதையில் வந்திறங்கிய ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "என்னெண்டு சொல்லோணும்?"

"மாட்டுக்குப் போடுற கொண்டிஸ் எண்டு சொல்லுங்க."

அவள் சொன்னாள். அங்கே நின்ற ஆமி அதிகாரி ஏதோ கேட்டான்.

"மாட்டுக்குப் போடுறது மீசையில எப்பிடி வந்ததாம்?"

கோணாமலை ட்ரக்கைப் பார்த்தார். மானத்தை வாவியில் விட்டார். "பொம்பிள பாக்கப் போறன். நரையை மறைக்கப் பூசினன்."

"ஆரைப் பாக்க?"

"அதையும் அவரா கேக்கிறார்?"

"இல்ல. நான்தான் கேக்கிறன்."

"கல்லடியில அன்னப்பூரணி எண்டு ஒரு டீச்சர்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அது நான்தான்" என்றாள்.

முழங்காலில் இருந்தபடியே கோணாமலை கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அவளை மறுபடி ஏதோ கேட்டான். அவள் ஒரே வசனத்தில் பதில் சொன்னாள். அவன் மீசையை ஒருமுறை பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். அட்டை கைக்குத் திரும்பி வந்தது.

பஸ் எடுக்கும் சந்தியை நோக்கி இருவரும் நடந்தார்கள்.

"கடைசியா என்ன கேட்டவர், டீச்சர்?"

"நீங்க எனக்கு என்ன முறை எண்டு. நான் கட்டப்போற மனிசன் எண்டு சொன்னன்."

கோணாமலைக்கு நெஞ்சு குளிர்ந்தது. "மெய்யாவா?"

அன்னப்பூரணி நின்றாள். "தொண்ணூறாம் ஆண்டு ஆமி என்ட தம்பியப் பிடிச்ச நேரம், இவன் என்ட தம்பி, ஒண்டும் செய்யாதவன் எண்டு மெய்யத்தான் சொன்னன். விடல்ல. இண்டைக்குப் பொய் சொன்னன். விட்டுட்டானுகள்."

கோணாமலைக்கு அழுகை முட்டியது. இந்த மீசைக்காக இவளை அவர்கள் முன்னால் போய் நிற்கவைத்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

"எனக்கு ஐம்பது வயசு, டீச்சர்" என்றார்.

"மீசையப் பாத்தாலே தெரியுது." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கல்லடியில இறங்கினதும் ஒரு சலூன் இருக்கு. அத வழிச்சிட்டு வாங்க. நான் முன்னுக்குப் போய்த் தேத்தண்ணி வைக்கிறன்."