கூரைமேல் வைத்த தகரம்

என் ஐம்பது வயதுகளின் கடைசியில் கோடைக்கானலில் ஒரு பழைய பங்களாவின் மாடியை வாங்கினேன். கீழ்த்தளம் கடைவீதி ரஹீம் பாய்க்குச் சொந்தம்; மனைவியோடு அங்கே குடியிருந்தார். குளிருக்கு அவர்கள் கணப்பு மூட்டினால் புகை என் கூரையிலிருந்த புகைபோக்கி வழியாகத்தான் வெளியேறும். காற்று வீசினால் அதற்குள் யாரோ அழுவதுபோல் கேட்கும். பொறுக்காமல், கூரை என்னுடையதுதானே என்று, யாரிடமும் சொல்லாமல் புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடினேன்.

மறுநாள் கடும் மூடுபனி. அழுகை நின்றிருந்தது, ஆனால் சுவருக்குள் யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் நின்றது. அப்போதுதான் உறைத்தது. கீழே ஓடிப்போய்க் கதவை உடைத்து, மயங்கிக் கிடந்த பாயையும் அவர் மனைவியையும் வெளியே இழுத்துவந்தேன்.

கண் விழித்த பாய் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார்.

"கூரை ஒங்களுதுதாங்க சார். எங்க பொகை எங்கிட்டுப் போவும்?"

இருவரும் பிழைத்தார்கள். இப்போது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். உள்ளேயிருந்து குரல் வரும்வரை கதவில் காதை வைத்து நிற்கிறேன்.