கல்யாணத் தட்டத்துச் சவர்க்காரம்

சூடான தேங்காய் எண்ணெயில் "கோஸ்டிக்" சோடா கரைத்த தண்ணீர் விழுந்ததும் எழுகிற நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும். எத்தாளையில் எங்கள் வீட்டின் பின்புறம் உம்மா குளியல் சவர்க்காரம் காய்ச்சும்போது என்னை எட்டவே நிற்கச் சொல்வார். இடித்துப் பிழிந்த இலந்தை இலைச் சாறு, வெட்டிவேர் ஊறிய தண்ணீர், சந்தனத் தூள், கடைசியில் நுணுக்கிய கற்பூரம் எல்லாம் சேர்த்துக் கஞ்சிப் பதம் வரும்வரை துழாவி, சிரட்டைகளில் ஊற்றி இறுக விடுவார். நன்றாகக் காய்ந்து காரம் அடங்கிய பிறகுதான் எங்களை உடம்பில் போட விடுவார்.

உம்மாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் பெண்கள் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்டுவது அவர்தான். அந்தத் தண்ணீரிலும் இலந்தை இலையும் கற்பூரமும் சேர்ப்பது எங்கள் வழக்கம். கூலி வாங்க மாட்டார், "நன்மை" என்பார். ஊரார் அவரிடம் மரியாதையாகத்தான் கதைப்பார்கள். ஆனால் அவர் கையால் பலகாரம் கொடுத்தால் வாங்கிவிட்டு, பிள்ளைகளைத் தின்ன விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு "மையித்துக்காரிட மகள்" என்று பெயர். செத்துவிடலாம் போலிருக்கும், செத்தாலும் குளிப்பாட்ட உம்மாதானே வருவார் என்று நினைத்து அந்த யோசனையையும் விட்டுவிடுவேன்.

எனக்கு மூத்த ராத்தாவுக்குக் கற்பிட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம், கட்டிக்கொள்ளச் சாரம், அத்தர், சவர்க்காரம் எல்லாம் தட்டங்களில் போக வேண்டும். சவர்க்காரத்தைக் கடையில் வாங்க உம்மா சம்மதிக்கவில்லை. "எண்ட மகளுக்கு எண்ட கையாலதான்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கல்யாணச் சாமான் என்பதால் கற்பூரத்தை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டார். நானும் ராத்தாவும் அந்த மணத்திலேயே வளர்ந்தவர்கள். வாப்பா கடல் தொழில்காரர், அவர் மூக்குக்கு மீனைத் தவிர வேறொன்றும் தெரியாது. வீட்டில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

தட்டம் போன அன்று பின்னேரமே மாப்பிள்ளையின் சாச்சி வந்தார். சவர்க்காரத்தை மட்டும் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"நல்ல காரியத்துக்கு மையித்துச் சாமானா அனுப்புற? மாப்பிள்ளைட உம்மா கல்யாணமே வேணாம் எண்டு நிக்கிறா."

மாப்பிள்ளை வீட்டில் வயதான மூத்தம்மா மௌத்தானபோது குளிப்பாட்ட உம்மாவைக் கூட்டிப்போக ஆள் அனுப்பியவர்களும் அவர்கள்தான். அன்றைக்கு அந்தக் கற்பூரம் அவர்களுக்கு மணக்கவில்லை போலும். வாப்பா மாப்புக் கேட்டார். பக்கத்து வேலிகளில் தலைகள் தெரிந்தன. உம்மா ஒரு சவர்க்காரத்தைத் திரும்பத் திரும்ப முகர்ந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"மையித்தா மணக்குது மகள்? எனக்கு ஒண்டும் விளங்கல்லையே. சுத்தமான மணந்தானே இது?"

நான் எழும்பி உள்ளே போனேன். வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. சாச்சியின் மேல் வரவேண்டிய கோபம் முழுக்க உம்மாவின் மேல்தான் வந்தது.

வாப்பா புத்தளத்துக்குப் போய்க் கடைச் சவர்க்காரம் வாங்கிக் கொடுத்தனுப்பினார். கல்யாணம் நின்றுபோகாமல் தப்பியது. உம்மா தன்னுடையதை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி மூலையில் தள்ளிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் ராத்தா குளிக்கப் போகும்போது கடைச் சவர்க்காரத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"உம்மா, எங்கட உப்புத் தண்ணிக்கு இது நுரைக்காது. உங்கடயத் தாங்க."

"வேணாம் மகள். இண்டைக்குமா? ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"கதைக்கட்டும். தாங்க உம்மா."

மல்லிகைப் பூவையும் அத்தரையும் மீறிக்கொண்டு கற்பூரம் மணக்க ராத்தா மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். தங்க மாலை போடக் குனிந்த மாமியாரின் கை பாதியில் நின்றது. இப்போது எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்து நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது உங்கட உம்மாட சவுக்காரமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் மாமி" என்றாள் ராத்தா. மாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மாலையைப் போட்டுக் கொக்கியை மாட்டினார்.

இப்போது எங்கள் பக்கத்தில் சவர்க்காரம் காய்ச்சுகிற வீடு ஒன்றுமில்லை. உம்மாவும் மௌத்தாகிவிட்டார். அவர் போனபோது, அவர் குளிப்பாட்டிய பெண்களின் பிள்ளைகள் கற்பிட்டியிலிருந்தெல்லாம் வந்து முற்றத்தில் நின்று அழுதார்கள். நான் வேலை செய்கிற இடத்தில் யாராவது "உங்கட உம்மா என்ன செய்தவ?" என்று கேட்டால், இந்த வயதிலும், "சும்மா வீட்டிலதான் இருந்தவ" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுகிறேன்.