சட்டையைக் கழற்றிய அப்பன்மார்

குழந்தை டாக்டரின் நோயாளி வாயே திறக்க மாட்டார். கூட வந்தவர்கள் வாயை மூடவே மாட்டார்கள். இந்தத் தொழிலில் என்னோடு அல்லல்படும் டாக்டர்களே, நர்ஸுகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் குழந்தைகளுக்கென்று தனியாகப் போர்டு மாட்டிய முதல் டாக்டர் நான். மதுரையில் எங்கள் சௌராஷ்டிர உறவுக்காரர்கள், "ஏன், இந்த ஊரில் இடமா இல்லை?" என்றார்கள். இடமும் இருந்தது, டாக்டர்களும் நிறைய இருந்தார்கள். அதனால்தான் இங்கே வந்தேன்.

கண்ணாடிக்கு வெளியே

நான் சேர்ந்த ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளுக்கு ஓர் அறை. பெற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பால் கட்டிய வலியோடு ஒரு தாய் அங்கே நின்று அழுதாள். உள்ளே அவள் பிள்ளை பசியில் அழுதது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்தேன். கையைக் கழுவச் சொல்லி அவளை உள்ளே உட்காரவைத்து, பிள்ளையை வெறும் உடம்போடு அவள் நெஞ்சில் சேர்த்துக் கட்டினேன். மூச்சு சீராக இருக்கும் சின்னப் பிள்ளைக்கு அதைவிட நல்ல சூடு கிடையாது. அன்றிலிருந்து அந்தக் கதவைப் பெற்றவர்களுக்குச் சாத்தக்கூடாது என்பது என் சட்டம்.

ஆஸ்பத்திரி முதலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். "டாக்டரம்மா, இது ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டா?"

சந்தையிலிருந்து நேராக

தாய்க்குக் காய்ச்சல் என்றால் பிள்ளை யார் மேல் படுப்பது? அப்பன்மாரையும் உள்ளே கூப்பிட்டேன். முதலில் மாட்டியவர் ஒரு மாட்டு வியாபாரி. சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். குளித்துவிட்டு வரச் சொல்லி, சட்டையைக் கழற்றச் சொன்னேன். வெட்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டார். துண்டையும் பிடுங்கினேன். பிள்ளையை நெஞ்சில் வைத்ததும் ஆள் மூச்சுவிடவே பயந்தார்.

வாசலில் நின்ற அவர் மச்சான், "என்ன மாப்ள, அடைகாக்குறியா?" என்று சிரித்தான். இவர் அசையாமல் மெதுவாகச் சொன்னார்: "ஆமாடா மச்சான். இப்ப அதுக்கு என்னங்குற?"

சேனை

பிறந்த பிள்ளையின் வாயில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைப்பதுதான் சேனை. வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை; அதனால் நல்ல குணசாலியாகத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவார்கள். நான் கதவைத் திறந்து வைத்ததில் இதுவும் உள்ளே நுழைந்துவிட்டது. ஓர் அத்தை முந்தானைக்குள் கிண்ணத்தோடு வந்து பிடிபட்டார். பறித்துக் கொட்டினேன். குணம் வர வேண்டுமென்றால் தாய் பால் கொடுக்கும்போது பிள்ளையின் காலைத் தொட்டுக்கொள்ளுங்கள், வாய்க்குள் வேறொன்றும் போகக்கூடாது என்றேன்.

அத்தை முகம் சுண்டிவிட்டது. பிள்ளையின் தாய் என்னைச் சமாதானப்படுத்த, "டாக்டரம்மாவே தொடட்டும், படிப்பு வரும்" என்றாள். அத்தை பதறிப்போனார். "ஆத்தாடி, வேணாம்! படிப்பு வர்றதுக்குள்ள இம்புட்டு வாயும் வந்துரும்!"

பூட்டு

சமீபத்தில் முதலாளியின் மகன் நிர்வாகத்துக்கு வந்தார். பெற்றவர்களை வெளியேற்றிப் பூட்டுப் போட்டால்தான் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமாம். கிருமி வரும் என்றார். கிருமி கழுவாத கையில் வரும், உங்கள் கையைக் காட்டுங்கள் என்றேன். உங்களுக்கு வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்றார். அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது உண்மை. நான் போனதும் இது மறுபடி கண்ணாடி அறையாகிவிட்டால், இத்தனை காலம் போட்ட சண்டையெல்லாம் வீண்.

மறுநாள் காலை பூட்டோடு வந்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். உள்ளே கப்பலூர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளம் தகப்பன் ஒருவர், வெறும் நெஞ்சில் மகளோடு சாய்ந்திருந்தார். சுற்றிலும் தாய்மார்கள். "எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க" என்று முதலாளி மகன் அதட்டினார். நான் வாயைத் திறக்குமுன் அந்தத் தகப்பன் உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதீங்கண்ணே, புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு. பூட்டணும்னா பூட்டிக்கங்க, நாங்க உள்ளயேதான் இருப்போம்."

குழந்தை டாக்டர் வேலையில் மருந்து எழுதுவது கொஞ்சம்தான், பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் நடுவே வந்து நிற்பவர்களை விலக்குவதுதான் மிச்சமெல்லாம். அதற்கு இனி நான்தான் வர வேண்டும் என்றில்லை.