கத்பர்ட் ஹார்லின் அளவுக்கம்பி

நான்கு முறை அரம் ஓடும். பிறகு ஒரு விரல் தடவிப் பார்க்கும். கம்பியின் ஒரு முனையைச் சதுரமாக்கி முடித்துவிட்டன கொல்லனின் கைகள். மறுமுனையை எங்கே வெட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரை வரை திங்கட்கிழமை முதல் புதுத் தண்டவாளம் போடுகிறார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இந்தக் கம்பியை வைத்துத்தான் இடைவெளி பிடிப்பார்கள். இது தப்பினால் மூன்று மைலும் தப்பு. கொல்லன் கத்பர்ட் ஹார்லின் பட்டறையும் போய்விடும்.

சுரங்க அலுவலகம் அனுப்பிய சீட்டில் நாலடி எட்டங்குலம் என்றிருந்தது. பாதை போடும் ரோலண்ட், கத்பர்ட்டின் மனைவிக்கு அண்ணன், வேறு கணக்கை அடித்துச் சொன்னான்.

“அஞ்சடி, மாப்ளே! எங்கப்பன் காலத்துலேர்ந்து அஞ்சடிதான்.”

“அப்ப நாலங்குலத்த யாரு தின்னா, மச்சான்?”

“நீதான் பீரோட சேத்து முழுங்கியிருப்ப.”

“அது கெடக்கட்டும், மொதல்ல அஞ்சடின்னு யாரு வெச்சது?”

“குதிரையப் போய்க் கேளு!”

அளந்தே பார்த்துவிடலாம் என்றான் கத்பர்ட். இருவரும் பழைய பாதைக்குப் போனார்கள். ரோலண்ட் தன் கோலை ஒரு தண்டவாளத்தின் வெளிவிளிம்பிலிருந்து மற்றதன் வெளிவிளிம்புக்கு வைத்தான். சரியாக ஐந்தடி.

“சக்கரத்தோட விளிம்பு உள்பக்கந்தானே உரசுது? ஏன் வெளிய அளக்கற?”

“உள்பக்கம் சக்கரம் அரிச்சே தேஞ்சுடும். வெளிப்பக்கம் தேயாதுல்ல!”

தண்டவாளம் ஒவ்வொன்றும் இரண்டங்குல அகலம். கழித்தால் உள்ளே நாலடி எட்டு. சீட்டு சொன்னதும் ரோலண்ட் சொன்னதும் ஒன்றுதான். அப்பாடா என்று திரும்பியபோது, வளைவில் ஒரு நிலக்கரி வண்டி கிறீச்சிட்டு நின்றது. குதிரை முக்கியது; வண்டி அசையவில்லை. சக்கர விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நகம்கூட நுழையவில்லை.

கத்பர்ட் ஆணியைத் தளர்த்தி ஒரு தண்டவாளத்தை மெல்ல வெளிப்பக்கமாக நெம்பினான். அரை அங்குலம் நகர்ந்ததும் வண்டி உருண்டது.

“வளைவுக்குச் சரி,” என்றான் ரோலண்ட். “நேர்பாதைக்கு?”

“அதான் எனக்கும் கொழப்பம். வளைவுக்கு ஒண்ணு, நேருக்கு ஒண்ணுன்னு ரெண்டு கம்பி குடுத்தா நீ மாத்தி வெச்சுடுவ.”

“வெப்பேன்தான்!”

கத்பர்ட் பட்டறைக்குத் திரும்பிச் சீட்டை மூன்று முறை படித்தான். அதில் அரை அங்குலம் இல்லை. வெகுநேரம் கழித்து, வளைவுக்கும் நேருக்கும் ஒரே கம்பியாக, நாலடி எட்டரை அங்குலத்தில் கோடு கீறி வெட்டினான்.

திங்கட்கிழமை காலை ரோலண்ட் கம்பியை அளந்துவிட்டு நிமிர்ந்தான். “அரை அங்குலம் ஏன் கூடன்னு ஆபீஸ்ல கேட்டா?”

“எங்கிட்ட அனுப்பு. ஏன்னு எனக்கும் புரியல, மச்சான். ஆனா வண்டி ஓடுச்சுல்ல!”

கத்பர்ட் கம்பியை எண்ணெய்த் துணியால் துடைத்து, ரோலண்டின் கையில் கொடுத்தான். உலகின் பாதிக்கு மேற்பட்ட ரயில் பாதைகளுக்கு இன்றும் அதே நாலடி எட்டரை அங்குலம்தான்.