கானான் மேசையின் கடைசித் திராட்சை

அப்பாவை நினைத்தால் முதலில் வருவது அவருடைய உள்ளங்கைதான். அதில் ஒரே ஒரு பச்சைத் திராட்சை இருக்கிறது. ஆலய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் முற்றத்தில் மண் கோப்பைகளில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். டயாலிசிஸ் ஊசிகள் ஏறி ஏறிப் புடைத்துப்போன இடது கையை முழுக்கைச் சட்டை மறைத்திருக்கிறது. பழத்தைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். நான் வேண்டாம் என்று தலையை அசைக்கிறேன். நடந்தது அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

எங்கள் சபை சிறியது. பல தலைமுறைகளில் வேலைக்காகக் கொல்கத்தாவுக்கு வந்து தங்கிவிட்ட நாற்பது தமிழ்க் குடும்பங்கள். பிப்ரவரியில் அறுப்பின் பண்டிகை வரும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அன்று வாழைத்தாரும் பூசணியும் கோழியும் வந்து குவியும். எங்களில் யாருக்கும் வயல் கிடையாது. மாடிக் குடியிருப்புகளில் துளசித்தொட்டி வைக்கவே இடம் போதாது. அதனால் அப்பா ஒரு யோசனை சொன்னார். நம்முடைய விளைச்சல் இல்லாவிட்டால் போகட்டும், இஸ்ரவேலருக்குக் கடவுள் வாக்களித்த தேசத்தின் விளைச்சலை வைப்போம். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட, பாலும் தேனும் ஓடும் கானான். கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன், கூடவே ஒரு மண் கோப்பையில் பால். இப்படித்தான் எங்கள் கானான் மேசை தொடங்கியது. அந்தத் தேசத்தை வேவு பார்க்கப் போனவர்கள் ஒரு திராட்சைக் குலையை இரண்டு பேராகத் தடியில் சுமந்து வந்தார்கள் என்பது கதை. எங்களிடமும் ஒரு மூங்கில் தடி உண்டு. அதன் முன்பக்கம் எப்போதும் அப்பாவின் தோளில்தான் இருக்கும். ஆராதனை முடிந்ததும் அந்தக் குலையோடு அவர் வாசலில் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழம் வைப்பார். கடைசிப் பழம் அவருக்கு.

சாமான் பட்டியல் என் பொறுப்பு. எட்டு வயதிலிருந்து நான்தான் எழுதினேன். அப்பா ஹவுராவில் ஒரு பட்டறையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். பட்டியலில் இல்லாத பொருளை அவர் பொருளாகவே மதிப்பதில்லை. தேன் சுந்தரவனத்துத் தேன். திராட்சையும் மாதுளையும் கரியாஹாட் சந்தையில். ஒலிவம் எங்கே கிடைக்கும் என்று தெரியாத வருடங்களில் ஜல்பாய் என்று வங்காளிகள் சொல்லும் புளிப்புக் காயை வைத்துச் சமாளித்தோம். வாற்கோதுமைக்குப் பூஜைச் சாமான் கடைதான் கதி. கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "கோன் பூஜோ, தாதா?" என்று, எந்தப் பூஜைக்கு அண்ணா எனக் கேட்பார். "ஆமாதேர் பூஜோ," எங்கள் பூஜைதான் என்று அப்பா முகம் மாறாமல் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்ததும் என் காதில், "போதகர்ட்ட சொல்லிராத, என்ன?" என்பார்.

அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோனபோது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மின்னணுக் கருவிகளைச் சோதித்துச் சான்று எழுதுவது என் வேலை. வாரம் இரண்டு நாள், நாலு மணி நேரம், ஜாதவ்பூரில் ஒரு மருத்துவமனையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டயாலிசிஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பம்பு ஏன் அந்த வேகத்தில் சுழல்கிறது, எந்த ஒலி எதற்கு எழும், எந்த எண் எங்கே நிற்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். கேட்டால் படம் போட்டு விளக்கியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதனால் அவருக்கு ஒரு சொட்டு நல்லது நடந்திருக்காது. சிறுநீரகம் கொடுக்க நான் முன்வந்தேன், பொருந்தவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. எங்கள் கையில் மிஞ்சியது சாப்பாடு ஒன்றுதான்.

உணவு ஆலோசகர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். நான் அதை வீட்டுக்கு வந்து கணினியில் அடித்து, அச்செடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். இரண்டு பத்திகள்: சாப்பிடலாம், கூடாது. மாதுளை கூடாது. அத்தி கூடாது. உப்பில் ஊறிய ஒலிவம் கூடாது. பால் கூடாது. திராட்சை கூடாது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஏட்டி, கானான் தேசத்தையே மொத்தமா அடிச்சிட்டியே."

"கோதுமை இருக்குப்பா. தேன் ஒரு ஸ்பூன் இருக்கு."

"மோசேயாவது, உள்ள போக முடியாட்டியும், மலை மேல நின்னு கானானப் பாத்தாரு. எனக்கு ஃப்ரிட்ஜ் கதவு."

அம்மா அடுப்படியில் இருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவர் அந்தப் பட்டியலைத் தாண்டவில்லை. குடிக்கும் தண்ணீரைக்கூடக் கோடு போட்ட பாட்டிலில் அளந்துதான் கொடுத்தேன்.

அடுத்த பிப்ரவரியில் தடியை வேறு இருவர் சுமந்தார்கள். அப்பா வாசலில் நாற்காலியில் இருந்தபடியே பழம் கொடுத்தார். கடைசிப் பழம் அவர் உள்ளங்கையில் நின்றது. நான் தலையசைத்ததும் அவர் அதை என் பக்கம் நீட்டினார்.

"இந்தா, நீ தின்னு."

வாங்கித் தின்றேன். இனித்தது. "எப்படி இருக்கு?" என்றார். "புளிப்புப்பா," என்றேன்.

ஏழு வாரம் கழித்து அவர் போய்விட்டார். எதற்குப் பயந்து பழங்களை விலக்கினேனோ அந்தப் பொட்டாசியம் இரத்தத்தில் கூடி அல்ல. நுரையீரலில் வந்த ஒரு தொற்று. நான் பதினான்கு மாதம் காவல் நின்ற வாசல் வழியாக அது வரவே இல்லை.

இந்த ஜனவரியில்தான் மருத்துவமனைக் கோப்பைப் பிரித்து அடுக்கினேன். உணவு ஆலோசகரின் தாள் அடியில் இருந்தது. அதில் மூன்று பத்திகள். நடுப் பத்தியின் தலைப்பு, அளவோடு. அதில் திராட்சை, பக்கத்தில் பத்து பழம் என்று பேனாவால் எழுதியிருந்தது. பால், அரைக் கோப்பை. நான் தவறாகப் படிக்கவில்லை. அந்த இரவு என்ன செய்தேன் என்பது நினைவுக்கு வந்தது. வேலையில் எந்தக் கருவிக்கும் தாங்கும் எல்லையைவிடக் கீழேதான் வரம்பு எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் நடுப் பத்தியை எடுத்துக் கடைசிப் பத்தியோடு சேர்த்துவிட்டேன். ஒட்டிய சில வாரங்களில் இரண்டு பத்தி மட்டுமே எனக்கு உண்மையாகிவிட்டது. மூன்றாவது ஒன்று இருந்ததையே மறந்துபோனேன்.

தாளை அம்மாவிடம் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாக்குத் தெரியும்ட்டி," என்றாள். "அந்த டயட்டீசியன் பொண்ணு அவாககிட்டதான எடுத்துச் சொல்லிச்சு, பத்து பழம் திங்கலாம்னு."

"பின்ன ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லப்போனேன். வேண்டாம்னுட்டாக. அவ எனக்குச் செய்யதுக்கு வேற என்ன இருக்கு, கெடந்துட்டுப் போகட்டும்னாக."

அவள் அடுத்த துணியை எடுத்தாள். நான் அந்தத் தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். பிறகு கோப்பிலேயே, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

போன ஞாயிறு பண்டிகை. வாசலில் நிற்க என்னைச் சொன்னார்கள். முந்தின நாள் கரியாஹாட்டில் பழக்காரர், "ஏக்தம் மிஷ்டி, தீதி," நல்ல இனிப்பு அக்கா என்று ஒன்றைப் பறித்து என் பக்கம் நீட்டினார். சுவை பார்க்காமலே வாங்கிவந்தேன். ஆராதனை முடிந்து ஒவ்வொரு கையிலும் ஒரு பழமாக வைத்து முடித்தபோது என் கையிலும் ஒன்று மிஞ்சியது. முற்றத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அப்பாவின் நாற்காலி இருந்த இடத்தில் யாரோ குடைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"வாட்டி, பஸ் போயிரும்," என்று அம்மா கூப்பிட்டாள்.

பழத்தின் மேல் விரல்களை மூடிக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் இடது கையால்தான் டிக்கெட் வாங்கினேன். அப்பாவின் மருத்துவமனை இருக்கும் ஜாதவ்பூர் வரும் வரை வலது கையைத் திறக்கவில்லை.