விரல் ரேகையும் விரைவு வரிசையும்

என் வீட்டுக் குளியலறையில் மண்டியிட்டு, டைல்ஸ் இடுக்குகளில் பூச்சை இழுத்துக்கொண்டிருந்தான் என் தம்பி. மற்ற மேஸ்திரிகள் இதற்கு ரப்பர் கட்டை வைத்திருக்கிறார்கள். இவன் ஆள்காட்டி விரலால்தான் இழுப்பான்.

"விரலுக்குத் தெரியறது கட்டைக்குத் தெரியாதுக்கா" என்பான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதே பேச்சு.

"சனிக்கிழமை ஊருக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"போகணும்" என்றான். காது சிவந்துவிட்டது. வயது ஐம்பத்தேழு.

அவன் மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. சென்ற வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தரை போட வெளியூர் போனவன், அந்தப் பள்ளியின் பேருந்து ஓட்டும் பெண்மணியிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினான். அது முதல் சனிக்கிழமைதோறும் விமானம். வேலையை முடித்துவிட்டு ஓடுவான். சோதனை வரிசை அவனை விழுங்கிவிடும். பெல்ட்டைக் கழற்று, ஷூவைக் கழற்று, பையில் மறந்து வைத்த பூச்சுக் கரண்டியை எடுத்து வெளியே போடு. இரண்டு முறை விமானத்தைக் கோட்டை விட்டான்.

அந்த அம்மாளோ, பிள்ளை நேரத்துக்கு வாசலில் நிற்காவிட்டால் பேருந்தை எடுத்துவிடுகிறவள். "அடுத்த மாசம் என் அண்ணன் உங்களைப் பார்க்க வர்றார், மேஸ்திரி. அன்னிக்கும் லேட்டா வந்தீங்கன்னா, நான் வண்டியைக் கிளப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். இவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விரைவுச் சோதனைத் திட்டத்தில் சேரலாம் என்றவள் என் மகள். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் தனி வரிசை, குட்டி வரிசை. அதிலும் பல வகை இருந்தன. செல்போனை வைத்துக்கொண்டு மாமனுக்கு விளக்கினாள்.

"இதுல ஷூவைக் கழட்ட வேண்டாம். இதுல வெளிநாட்டுலேருந்து வர்றப்ப பாஸ்போர்ட் வரிசையும் சீக்கிரம் முடியும். இதுல கண்ணைக் காட்டினாப் போதும், முன்னாடியே விட்டுடுவாங்க."

"கண்ணையெல்லாம் கண்ட மிஷினுக்கும் காட்ட முடியாது. ஷூவைக் கழட்ட வேண்டாம்னு சொன்னியே, அது."

"ஏன் மாமா?"

"சாக்ஸ்ல ஓட்டை."

"புது சாக்ஸ் வாங்கலாமே."

"அதுலயும் விழும்."

இப்படித்தான் திட்டம் தேர்வானது. அதற்கு விரல் ரேகை வேண்டும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். கண்ணாடித் தட்டில் கையை வைத்தான். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தான். மறுபடியும் சிவப்பு.

"சார், உங்களுக்கு ரேகையே இல்லையே" என்றாள் அங்கிருந்த பெண்.

"காலைல இருந்துச்சேம்மா" என்றான்.

சிமென்ட்டும் பூச்சும் இத்தனை வருடத்தில் விரல்களைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தன. மறுநாள் காலை இன்னொரு முறை பார்க்கலாம், அப்போதும் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள். அண்ணன் வருவதற்குள் அது நடக்காது.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவள் நான். காய்ந்து வெடித்த கைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தேன், வாசலினைத் தாராளமாகத் தடவினேன், பருத்திக் கையுறை மாட்டினேன். "விடியற வரைக்கும் எதையும் தொடாதே" என்றேன். சாப்பாட்டை ஸ்பூனால் நான்தான் ஊட்டினேன். தொண்ணூறு வயதுக்காரர்கள்கூட இவ்வளவு சிந்தியதில்லை.

அந்த நேரம் பார்த்து டிரைவரம்மாவின் அழைப்பு. மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"சாப்பிட்டீங்களா மேஸ்திரி?"

"அக்கா ஊட்டிவிட்டாங்க."

"உடம்புக்கு என்ன?"

எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் சிரிப்பு வெகுநேரம் ஓடியது.

"என்னைப் பார்க்க வர்றதுக்கா விரலை ஊற வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. உறையைக் கழட்டறப்ப மோதிர விரலுக்கு ஒரு அளவு எடுத்து வைங்க. அண்ணன் வர்ற அன்னிக்குத் தேவைப்படும்."

என் தம்பி இரண்டு உறைக் கைகளாலும் போனைப் பாய்ந்து பிடித்தான். அது வழுக்கி, கை ஊற வைத்த பாத்திரத்துக்குள் முங்கியது.

"சரின்னு சொல்றதுக்குள்ள போயிடுச்சே!" என்று அலறினான்.

என் போனில் எண்ணைப் போட்டு அவன் வாயருகே பிடித்தேன். "சரி, சரி, சரி" என்றான். அந்த அம்மாள், "ஒரு தடவை சொன்னாப் போதும், காது கேக்குது" என்றாள். என் மகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான்.

மறுநாள் காலை உறையைக் கழற்றினேன். விரல்கள் பச்சைப் பிள்ளையுடையவை போல இருந்தன. அலுவலகத்தில் ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு விழுந்தது. பூச்சு இழுக்கும் வலது ஆள்காட்டி விரலுக்கு மட்டும் சிவப்புதான். "ஒண்ணு விட்டுப் போனாப் பரவால்ல சார், எடுத்துக்கும்" என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்தவன் நேராக ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு ரப்பர் கட்டை வாங்கினான். என் குளியலறையின் மீதிப் பாதியை அதாலேயே முடித்தான். குனிந்து பார்த்தேன். விரலால் இழுத்த பாதி எது, கட்டையால் இழுத்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவனிடமே சொன்னேன். அவன் காதில் விழவில்லை. மோதிர விரலில் நூலைச் சுற்றி அளவெடுத்துக்கொண்டிருந்தான்.