காய்ச்சிய மோர்

எங்கள் வீட்டு உறைமோரைக் கொதிக்கவைத்துக் கொன்றவன் நான். தெரியாமல் அடுப்பில் வைத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. விறகைத் தள்ளி, ஊதி, பொங்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து, ரொம்பப் பொறுப்பாகச் செய்தேன்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் போதாமல் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நாங்கள் தோணியில் போய், நூலேணியில் ஏறி, மூடைகள் இறங்குவதைக் குறிக்க வேண்டும். புதன்கிழமை அரிசிக் கப்பலுக்குப் போய்வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நான் போகாவிட்டால் போவதற்கு இன்னொரு தற்காலிகம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சீதபேதி. டாக்டர், புதிதாக வந்திருந்த வெள்ளை மாத்திரையை வேளைக்கு இரண்டு போடச் சொன்னார். நான் நாலு போட்டேன். சீதம் நின்றது, பேதி நிற்கவில்லை. தோணியில் அதற்கென்று இடம் கிடையாது என்பதை நாகரிகமாகச் சொல்லி வைக்கிறேன்.

சனிக்கிழமை மறுபடி டாக்டரிடம் போனேன்.

"நாலு முழுங்கினீராக்கும்! மாத்திரைக்கு நல்லவன் கெட்டவன் தெரியாதுவே. கெட்ட கிருமியோட, வயித்துல கெடந்த நல்ல கிருமியையும் சேத்து ஒழிச்சிட்டீரு. இனி மாத்திரையத் தொடாதியும். மோரும் பழையதும் சாப்பிடும். நல்ல கிருமி அதுல இருக்கு."

நம்பாத முகத்தைக் காட்டினேன். தன் டிபன் கேரியர் மோரில் ஒரு சொட்டு எடுத்து, சாயம் தோய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். குச்சி குச்சியாக, மணி மணியாக, தேரோட்டக் கூட்டம் மாதிரி நெரிசல்.

வழியெல்லாம் அந்தக் கூட்டம்தான் கண்ணில் நின்றது. மோர் குடிக்க வேண்டியதுதான்; ஆனால் இத்தனை பேரோடா? காய்ச்சிவிட்டால் மோரும் ஆயிற்று, சுத்தமும் ஆயிற்று. டாக்டர் மோர் குடிக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போன மனைவி திரும்பி வருவதற்குள் சட்டி மோரையும், உறைக்கு எடுத்துவைத்திருந்த கிண்ணத்து மோரையும் சேர்த்துக் காய்ச்சி முடித்தேன்.

திரிந்து கிடந்ததை அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னது இது?"

"கிருமியக் கொன்னுருக்கேன்."

"டாக்டரு மோரு எதுக்குக் குடிக்கச் சொன்னாரு?"

"அதுல இருக்க கிருமிக்கு..." என்று தொடங்கிய பிறகுதான் எனக்கே விளங்கியது.

அவள் ஈரத்தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "நல்லவேள, என்னையக் காய்ச்சாம விட்டியளே!" பிறகு புதன்கிழமை நினைவு வந்து சிரிப்பு நின்றது. "ஓடுங்க. பக்கத்து வீட்டுல உறைமோரு வாங்கிட்டு வாங்க."

அங்கே விளக்கு ஏற்றிவிட்டார்கள். "விளக்கு வச்ச பெறவு மோரு வாசலத் தாண்டாது தம்பி. காலைல வாங்க," என்றார் அந்த வீட்டம்மா. கூடவே, "காய்ச்சினியளாமே!" என்று ஒரு சிரிப்பு. நடுச்சுவருக்கு நல்ல காது.

இதைச் சொன்னதும் மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவள் சிரிக்கலாம். அடுத்த வீட்டுக்காரி சிரிக்கக் கூடாது. "அவ மோரு நமக்கு வேண்டாம்." இளஞ்சூட்டுப் பாலில் ஏழெட்டு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடினாள்.

"இதுல ஏது கிருமி?"

"காம்புல இருக்கும். பேசாம இரிங்க, நீங்க இருக்கது தெரிஞ்சா ஓடிரப்போவுது."

மறுநாள் வழவழவென்று ஏதோ ஒன்று உறைந்திருந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினாள். திங்கட்கிழமை கெட்டித்தயிர். இரண்டு நாளும் பழையதும் மோரும்தான். ஒவ்வொரு முறை நான் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பும்போதும் புருவத்தைத் தூக்கிக் கேட்பாள்; நான் விரலால் கணக்குச் சொல்வேன். செவ்வாய் மாலை மூடிய கையைக் காட்டினேன்; காலையிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த முகத்துக்காக இன்னொரு தரம் சீதபேதி வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. சொல்லவில்லை, சொன்னால் சட்டி பறந்து வந்திருக்கும்.

புதன்கிழமை தோணி ஏறினேன். கப்பலை எட்டும்வரை வயிறு வாயே திறக்கவில்லை. பெருமை தாங்காமல், தோணியை நடத்தும் தண்டலிடம் கதை முழுவதையும் அளந்தேன். அவர் பாயைக் கவனித்துக்கொண்டே கேட்டு வந்தார். கப்பலோரம் வந்ததும் ஆடுகிற நூலேணியில் ஒரு காலை வைத்து, "இப்ப என் வயித்துக்குள்ள கோடிக்கணக்குல நல்ல கிருமி இருக்கு அண்ணாச்சி!" என்றேன்.

"அப்போ அதுவளுக்கும் சேத்துக் கெட்டியாப் புடியும்வே."